தட்டாமல் கூப்பிட்ட குரல்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நான் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கடலூர் ஓல்டு டவுனில், எலிகூடக் குடிவர யோசித்த ஒரு பழைய கிடங்கை ஒரே பகலில் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியவன் நான். லாக்கப் கம்பி அத்தனையும் சவுக்குக் கழி, மேலே கறுப்பு வர்ணம். மறுநாள் காலையில் ஓர் அம்மாள் வந்து, ஆட்டைக் காணோம் என்று எங்கள் படத்து ஹீரோவிடம் அழுதுகொண்டே புகார் கொடுத்தாள். அவரும் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் உட்கார்ந்து அடையாளமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அந்த ஆட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். இன்று தொழிற்பேட்டை நிற்கிற செம்மங்குப்பம் பக்கம் அன்று வெறும் மணலும் சவுக்கும். அந்த மணலில் ஜீப் ஓட வேண்டும் என்றார்கள். பனையோலையை விரித்துப் பாதை போட்டேன். ஜீப் ஓடியது, ரவுடிகள் ஓடினார்கள், படம் பார்த்தவன் கண்ணுக்கு ஓர் ஓலை தெரியவில்லை. சிதம்பரத்தில் ஓர் ஓட்டல்காரனும் சினிமாக்காரனுக்கு ரூம் கொடுக்காத காலத்தில், அறுபது பேருக்கு ஒரு கல்யாண சத்திரத்தையே பிடித்துக் கொடுத்தவன் நான்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. சேத்தியாத்தோப்பில் பிறந்து, பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றுகிற லாரியில் கிளீனராக இருந்தவன். எந்த அப்பனும் எந்த மாமனும் என்னைக் கைதூக்கி விடவில்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகன்தான் எழுதுகிறான். எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த நான் விடுவதில்லை.

நம் சங்கத்து மலரில் போட, புதிதாக வந்திருக்கிற புரொடக்‌ஷன் மேனேஜர் தம்பிகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கால்ஷீட் போடுவதும் வண்டி பிடிப்பதும் பத்து நாளில் உங்களுக்கே வந்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. நான் பெருமையாகச் செய்த மூன்று காரியங்களால் ஒரு மனுஷன் உயிர் போகப் பார்த்த கதை.

அறுபதுகளின் நடுவில் வந்த படம் அது. கடல் வழியாகச் சரக்குக் கடத்துகிற கூட்டத்தை ஒற்றை ஆளாகத் துரத்துகிற இன்ஸ்பெக்டர் கதை. அதில் ஒரு காட்சி. கடத்தல்காரர்களைக் காட்டிக் கொடுக்க இருந்தவனை அந்தக் கூட்டமே கொன்று, கையைக் கட்டி, படகில் போட்டுத் தள்ளிவிடும். உயிரோடு வரப்போகிறான் என்று இன்ஸ்பெக்டர் காத்துக்கொண்டிருக்க, புதருக்குள்ளிருந்து படகு மட்டும் தானாக மிதந்து வரும். உள்ளே பிணம்.

அதைப் பிச்சாவரத்தில் எடுக்கலாம் என்று சொன்னவன் நான். இப்போதுபோல டூரிஸ்ட் கூட்டமெல்லாம் அன்று கிடையாது. கிள்ளையைத் தாண்டினால் தண்ணீர், அதன்மேல் காடு, அவ்வளவுதான். தில்லை மரங்களுக்கு இடையே சுரபுன்னை வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஆயிரம் கால் வைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் வாய்க்கால் வாய்க்காலாக நீர்ப்பாதை. ஒன்றைப் போலவே இன்னொன்று. உச்சி வெயிலிலும் உள்ளே பாதி வெளிச்சம்தான்.

பிணமாக நடிக்க மெட்ராசிலிருந்து வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். உடனே நான் அந்தப் பக்கத்து ஆள் ஒருவனைப் பிடித்தேன். மாசிலாமணி என்று பேர். படகு தள்ளி, நண்டு பிடித்துப் பிழைப்பவன். முப்பது வயதிருக்கும், ஒல்லி. அவன் பெண்சாதி அஞ்சலையும் கூடவே வந்தாள். கரையில் அடுப்பு மூட்டி எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது என் மூன்று காரியங்கள்.

ஒன்று, முடிச்சு. சினிமாவில் கை கட்டினால் இழுத்ததும் அவிழ்கிற பொய் முடிச்சுத்தான் போட வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் கேமரா கிட்டத்தில் இருக்கிறது, பொய் பொய்யாகவே தெரியும் என்று நான் லாரியில் பாரம் கட்டுகிற முடிச்சைப் போட்டேன். முதுகுக்குப் பின்னால், தேங்காய் நார்க் கயிற்றில். திமிறினால் இறுகுமே தவிர அவிழாது. "நடேசன் போட்ட முடிச்சு பம்பாய் வரைக்கும் போனாலும் அவிழாது" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இரண்டு, கயிறு. படகு எங்கேயும் போய்விடாமலிருக்க அதன் அடியில் நீளமான ஒரு கயிறு கட்டியிருந்தோம். ஒத்திகையில் அது தண்ணீருக்கு மேலே தெரிகிறது என்று கேமராமேன் குறை சொன்னார். "அவிழ்த்து எறிங்க சார். நான் வெள்ளாத்துத் தண்ணியில பொறந்தவன். எந்தத் தண்ணி எங்க போவும்னு எனக்குத் தெரியும்" என்றேன். ஒத்திகையில் படகு கேமராவைப் பார்த்து அழகாகத்தான் வந்தது. நான் மறந்தது என்னவென்றால், ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு திசைதான். கடலோடு சேர்ந்த தண்ணீருக்கு இரண்டு திசை உண்டு.

மூன்றாவதுதான் பெரிய தப்பு. படகில் படுக்கப் போகும்போது மாசிலாமணி என்னிடம் சொன்னான்:

"அண்ணே, முடிஞ்சதும் என்னப் பேரு சொல்லிக் கூப்புடாதீங்க. கழியால படகத் தட்டுங்க. மூணு தட்டு. அதுக்கு மேலதான் எந்திரிப்பன்."

"ஏன்யா, பேரு சொன்னா கவுரவக் குறைச்சலா? நீ என்ன பண்ணையாரா?"

"இந்தக் காட்டுக்குள்ள அப்பிடித்தாண்ணே."

"சரிய்யா, படு. கண்ணத் தொறக்காத, மூச்சு தெரியக் கூடாது. நான் வந்து எழுப்புற வரைக்கும் நீ பொணம். உயிரே போனாலும் அசையக் கூடாது, ஆமா."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அவன் மனதில் வைத்துக்கொண்டான். அவன் சொன்னதை நான் காதில்கூட வாங்கவில்லை.

உச்சிவேளை. இரண்டு படகை ஒன்றாகக் கட்டி, அதன்மேல் கேமரா. பக்கத்துச் சேற்று மேட்டில் ஹீரோ, காக்கிச் சட்டையோடு. படகை நான்தான் வாய்க்காலுக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஓரமாக வந்து நின்றேன். எங்கள் முதலாளி, அவர்தான் படத்துக்கு டைரக்டரும், கையை ஆட்டினார். கேமரா ஓடியது.

படகு வரவில்லை.

ஹீரோ வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நிமிஷம். ஒரு கொக்கு இல்லை, காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. தண்ணீர் மட்டும் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது. அது எங்களைப் பார்த்து வரவில்லை, எங்களை விட்டுப் போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒத்திகைக்கும் டேக்குக்கும் நடுவில் தண்ணீர் திரும்பிவிட்டது. படகு காட்டுக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது. காட்டைத் தாண்டினால் முகத்துவாரம், அதைத் தாண்டினால் கடல். உள்ளே கையைப் பின்னால் கட்டிப் போட்ட ஆள். கட்டியது நான்.

"கட்!" என்றார் முதலாளி. "எங்கய்யா பொணம்?"

"சார், தண்ணி உள்ளாற இழுத்துக்கிட்டுது."

"கூப்பிடுய்யா."

நான் மெகாபோனை எடுத்துக் கத்தினேன். "மாசிலாமணீ! ஏ மாசிலாமணீ! போதும், எந்திரி!" ஐந்தாறு தரம் கத்தியிருப்பேன். என் குரல் போய் எங்கேயோ மோதி, வேறு யாரோ கூப்பிடுவதுபோலத் திரும்பி வந்தது. பதில் இல்லை. முதலாளி, "பொணம் ரொம்ப நல்லா நடிக்குதுய்யா" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பேரைக் கேட்டதும் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள் அஞ்சலை. அவள் முகத்தைப் பார்த்து அந்த இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"யாரு அது பேரச் சொல்லிக் கூவுனது?"

"நான்தாம்மா."

"பேரச் சொல்லிக் கூப்புட்டா எப்பிடிங்க அவுரு வருவாரு? உள்ளாற மனுசன் மனுசனக் கூப்புட்டா கழியாலதான் தட்டுவான். பேரச் சொல்லிக் கூப்புடுறது மனுசன் இல்ல. சின்னதுலேர்ந்து எங்களுக்கு அப்பிடித்தான். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான படுத்தாரு?"

ஆமாம், சொல்லிவிட்டுத்தான் படுத்தான்.

அவள் என்னை விட்டுவிட்டு நேரே ஹீரோவிடம் போனாள். அந்தக் காக்கிச் சட்டையின் காலில் விழுந்தாள். "ஐயா, போலீசு ஐயா, நீங்கதான் தேடிக் குடுக்கணும். தண்ணி வத்துது. முகத்துவாரத்துக்குப் போறதுக்குள்ள புடிக்கணும்."

ஹீரோ என்னைப் பார்த்தார். கடலூரில் ஆட்டுக்குப் புகார் எழுதிக்கொண்டபோது சிரித்த மனுஷர். இப்போது உதடு வெளுத்திருந்தது. "அம்மா, நான் வேஷம்மா... நிஜப் போலீஸ் இல்ல" என்றார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

தம்பிகளா, இங்கேதான் கவனிக்க வேண்டும். கைவசம் இருப்பது இரண்டே படகு, இரண்டின்மேலும் கேமரா நிற்கிறது. மற்ற படகுகள் சாப்பாடு எடுத்துவரக் கிள்ளைக்குப் போய்விட்டன. கேமராவை இறக்கினால் அன்றைய ஷூட்டிங் முடிந்தது. ஹீரோ அன்று இரவு சிதம்பரத்தில் ரயில் ஏற வேண்டும்; விட்டால் அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து. முதலாளி முகத்திலேயே அது எழுதியிருந்தது. "சாப்பாட்டுப் படகு இப்ப வந்துரும்யா. அதுக்குள்ள ஹீரோ குளோசப்ப முடிச்சிருவோம்" என்றார்.

யாரைக் கேட்பது? முதலாளியைக் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவார். ஒரு தரம் சொல்லிவிட்டால் மாற்றிச் சொல்ல அவருக்கு மானம் இடம் கொடுக்காது. அதனால் அவரைக் கேட்கவே இல்லை. ஹீரோவின் பக்கம் போய், மெதுவான குரலில் சொன்னேன்.

"சார், இந்தம்மா உங்களப் போலீசுன்னு நெசமாவே நம்புது. அது இன்னிக்கி வூட்டுக்குத் திரும்பிப் போவறப்பவும் நம்பணும் சார்."

அவர் என்னை முறைத்தார். தொப்பியைக் கழற்றி மேட்டில் வைத்தார். அப்படியே தண்ணீரில் இறங்கிக் கேமரா ஸ்டாண்டைத் தோளில் தாங்கிக்கொண்டார். அத்தனை பெரிய நடிகர், கூலியாள் மாதிரி மார்பளவுத் தண்ணீரில் நின்றார். அதற்கு மேல் யார் என்ன சொல்வது? கேமராமேன் பெரியவர் ஏற்கெனவே கேமராவைக் கழற்றிவிட்டிருந்தார். அவர் பேரை நான் எங்கேயும் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டவர் அவர். இறக்கும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "நடேசா, செத்தவன் இன்னும் சிரிக்கலைடா."

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். நம் தொழிலில் பிணமாகப் படுத்தவன் கடைசியில் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். அந்தச் சிரிப்பையும் இரண்டடி ஃபிலிமில் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடித்தது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம்.

ஒரு படகை அவிழ்த்து ஏறினோம். கழியை அஞ்சலை எடுத்துக்கொண்டாள். நான் பின்னால். படகு வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெளியே இருந்த சத்தமெல்லாம் கத்தரித்தாற்போல் நின்றுவிட்டது. இருபது முப்பது தள்ளு தள்ளுவாள்; நிறுத்துவாள்; கழியால் படகின் ஓரத்தில் மூன்று தட்டு தட்டுவாள்; காது கொடுப்பாள். மறுபடி தள்ளுவாள். பேச்சே கிடையாது.

"மூஞ்சிய மேலத் தூக்காதீங்க. தில்லைப் பாலு கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சிரும்" என்று ஒரு தரம் சொன்னாள். அவ்வளவுதான்.

வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. அவள் தண்ணீரைப் பார்த்து, மிதந்துபோகிற ஒரு பழுத்த இலையைப் பார்த்து, இடது பக்கம் திருப்பினாள். மறுபடி பிரிந்தது. மறுபடி இலையைப் பார்த்தாள். ஒரு லாரிப் பாதையை ஒரு தரம் போனால் மறக்காதவன் நான். அங்கே வந்த வழி எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போது பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

"நடேசா..."

முதலாளி குரல். மெகாபோனில் வருகிற அதே கரகரப்பு. சாப்பாட்டுப் படகு வந்துவிட்டது போலிருக்கிறது, ஆள் கிடைத்துவிட்டான், அதுதான் கூப்பிடுகிறார் என்று எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் தரம் இன்னும் கிட்டத்தில் கேட்டது. "நடேசா..." நான் 'ஏன் சார்' என்று வாயைத் திறந்தேன். அஞ்சலை திரும்பி, சேற்றுக் கையால் என் வாயைப் பொத்தினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. கண்ணால் மட்டும் கீழே காட்டினாள்.

மெகாபோன் என் காலடியில் கிடந்தது. பதற்றத்தில் அதை நானே கையோடு எடுத்து வந்திருந்தேன்.

மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டில் செட் போட்டு அங்கேயே படுத்துத் தூங்கியவன் நான். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கரைக்குத் திரும்பியதும் ஒவ்வொருவராகக் கேட்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

அஞ்சலை இன்னும் வேகமாகத் தள்ளினாள். அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முகத்துவாரம் கிட்டே வந்துவிட்டது என்று புரிந்தது. நிறுத்தி, மூன்று தட்டு தட்டினாள்.

டொக்.

எங்கேயோ முன்னாலிருந்து ஒரு சத்தம். ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு இன்னும் இரண்டு. டொக். டொக். மரத்தில் குதிகாலால் இடிக்கிற சத்தம்.

ஒரு தில்லை மரம் தண்ணீர்மேல் சாய்ந்து கிடந்தது. அதன் கிளை ஒன்றில் படகின் மூக்கு செருகிக்கொண்டு நின்றது. பின்பக்கம் மொத்தமும் இழுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. இருபது முப்பது கஜம் தள்ளி வெள்ளை வெள்ளையாக அலை உடைகிறது. மாசிலாமணி நான் எப்படிப் படுக்க வைத்தேனோ அப்படியே கிடந்தான். கண் மூடியிருந்தது. ரத்தத்துக்காக நாங்கள் பூசிய பாகில் எறும்பு ஏறி, கன்னத்திலும் இமையிலும் ஊர்ந்துகொண்டிருந்தது. இமை அசையவில்லை.

அஞ்சலை படகை அணைத்துப் பிடித்தாள். புருஷனைத் தொடவில்லை, பேசவும் இல்லை. கழியை என்னிடம் நீட்டினாள். நான்தான் தட்டினேன். மூன்று தரம். பிறகு, "கட்" என்றேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

மாசிலாமணி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான்.

"இப்ப நீங்கதானாண்ணே?"

"நான்தான்யா. வேற யாரு?"

"முன்னாடி ரெண்டு வாட்டி வந்தீங்களே."

நான் கழியைக் கீழே வைத்தேன். அவனே சொன்னான்.

"தலமாட்டுல குனிஞ்சு பாத்தீங்க. உங்க நெழலு மூஞ்சில வுழுந்துது. 'போதும் மாசிலாமணி, எந்திரி, எந்திரி'ன்னீங்க. உங்க கொரலுதான். மொத வாட்டியே எந்திரிச்சிருப்பன். தட்டாமக் கூப்புட்டீங்களா, அதான் சந்தேகம். கண்ணத் தொறக்கல."

அவன் எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அந்தப் படகைப் பார்த்தேன். கை பின்னால் கட்டியிருக்க ஒருவன் அந்த ஆட்டத்தில் எழுந்து உட்கார்ந்தால் போதும். கிளையிலிருந்து மூக்கு விடுபடும். அவ்வளவுதான். அப்புறம் கடல்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். பம்பாய் வரைக்கும் அவிழாத முடிச்சு. தண்ணீரில் ஊறிக் கல்லாக இறுகியிருந்தது. பல்லால் கடித்தேன். இந்தக் கடைவாய்ப் பல் இரண்டு இன்று இல்லையே, அதில் ஒன்று அங்கேதான் போனது. அவிழ்ந்தபோது அவன் மணிக்கட்டுத் தோல் கயிற்றோடு வந்தது. அவன் முனகக்கூட இல்லை. நான்தான் அழுதேன். இதை எழுத வேண்டாம் மாமா என்றான் என் மருமகன். எழுதடா என்றேன்.

கரைக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஹீரோ ரயிலை விட்டாலும் விடுகிறேன் என்று ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முதலாளி, "வெளிச்சம் இருக்கு, ஒரு டேக் எடுத்துரலாமா" என்று ஆரம்பித்தார். கேமராமேன் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல செத்தவன் சிரிக்கட்டும்."

கொஞ்சம்தான் ஃபிலிம் மிச்சம். மாசிலாமணியைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தோம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் கோமாளி வேஷம் கட்டியவர் வந்து என்னென்னவோ பண்ணிக் காட்டினார். நான் குட்டிக்கரணம்கூடப் போட்டேன். அவன் எங்களைத் தாண்டி, அந்த வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை பேருக்கும் உள்ளூர ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சிரிக்காமலே எழுந்துவிடுவானோ என்று.

அஞ்சலை அவன் பக்கத்தில் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா, வூட்டுல நான் காலையில நூறு வாட்டி கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டியே. சோம்பேறி சோம்பேறின்னு ஊரே ஏசுச்சே. அந்தச் சோம்பேறித்தனந்தான்யா இன்னிக்கி உன்னக் காப்பாத்துச்சு!"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். உதடு கோணியது. சிரித்துவிட்டான். சத்தம் போட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தப் பகலில் அந்தக் காட்டில் நான் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

அவன் அதற்கப்புறம் வெகுகாலம் நன்றாக இருந்தான். மணிக்கட்டில் வளையம்போல இரண்டு தழும்பு மட்டும் நின்றுவிட்டது. எங்கே பார்த்தாலும் அதைக் காட்டி, "அண்ணன் போட்ட காப்பு" என்பான்.

காட்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். படகு மிதந்து வருகிற ஷாட் படத்தில் கிடையாது. ஆனால் படகு வராமல் போன அந்த நேரம் முழுக்கப் பெரியவர் கேமராவை நிறுத்தவில்லை. முதலாளி கட் சொல்லியும் நிறுத்தவில்லை. ஹீரோ வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் மெகாபோனில் கூப்பிடுவது அவர் காதில் விழுகிறது. அந்த முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வற்றுகிறது. அதுதான் படத்தில் வருகிறது. கொலைக் கூட்டத்தைத் துரத்திப் போன இன்ஸ்பெக்டர் முதல்முதலாகப் பயப்படுகிற இடம். சிதம்பரத்தில் படம் ஓடியபோது அந்த இடத்தில் தியேட்டரில் ஒருவன் இருமவில்லை. என்ன நடிப்பு என்று பத்திரிகைக்காரன் எழுதினான். என்ன டைரக்‌ஷன் என்று இன்னொருவன் எழுதினான். நடிப்பாவது, டைரக்‌ஷனாவது. அது ஒரு மனுஷனைத் தொலைத்துவிட்டு நின்ற முகம்.

தம்பிகளா, வெளியூரில் போய் நின்றால் உங்கள் ஊர் அறிவை ஒரு மூலையில் கழற்றி வையுங்கள். கூலிக்கு வந்தவன் ஒரு வழக்கத்தைச் சொன்னால் சிரிக்காமல் கேளுங்கள். அது அவன் ஊரின் கால்ஷீட். தப்பு உங்கள் பேரில் இருக்கும்போது யாரிடம் அனுமதி கேட்பது என்று யோசித்துக் கேளுங்கள். முடிச்சை மட்டும் எப்போதும் பொய்யாகப் போடுங்கள்.

இப்போது அந்தப் படத்தைத் துடைத்துப் புதுசாக்கி மறுபடியும் தியேட்டரில் விடப் போகிறார்களாம். கேள்விப்பட்டேன். அதன் டைட்டிலில் குதிரை கொண்டுவந்தவன் பேர் இருக்கிறது. மீசை ஒட்டியவன் பேர் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் கட்டி, மணலில் பாதை போட்டு, பிச்சாவரத்தைக் காட்டிக் கொடுத்தவன் பேர் இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டார்கள், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி இருக்க மாட்டேன். உங்களில் யாராவது அந்த வேலையில் இருந்தால் என் வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேருங்கள். எனக்கு ஒரே ஒரு டைட்டில் கார்டு வேண்டும். பிணமாக நடித்தவர் மாசிலாமணி என்று போடுங்கள். அதற்குக் கீழே, அவர் கையைக் கட்டியவர், அவிழ்த்தவர், சேத்தியாத்தோப்பு நடேசன் என்று போடுங்கள். அவிழ்த்ததை மட்டும் போட்டுக் கட்டியதை விடுவதானால், என் பேரே வேண்டாம்.

போட்டுவிட்டோம், வந்து பாருங்கள் என்று சொல்ல ஆள் அனுப்புவீர்கள் அல்லவா? அந்த ஆளிடம் சொல்லி அனுப்புங்கள். வாசலில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். கதவைத் தட்டட்டும். மூன்று தரம்.